கல்தச்சர் எழுப்பிய பள்ளிகள்

வெள்ளிக்கிழமை உச்சிவேளை நெருங்கும்போது மீஞ்சூர் பஜாரில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். காட்டுப்பள்ளித் துறைமுகம், அத்திப்பட்டு அனல் மின் நிலையம், வல்லூர், எண்ணூர் என்று நாலா பக்கமும் வேலைக்குச் சிதறிக் கிடக்கும் ஆட்களில் ஒரு பகுதியினர் தலையில் தொப்பியோடு பள்ளிவாசலை நோக்கி நடப்பார்கள். வெல்டர், கிரேன் ஓட்டுநர், லாரி கிளீனர், மளிகைக் கடைக்காரர் எல்லோரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பார்கள். பீகாரிலிருந்து வந்தவருக்குத் தமிழ் குத்பா உரை புரியாமல் போகலாம். ஆனால் எங்கே கை கால் கழுவி ஒளு செய்வது, எந்தப் பக்கம் திரும்பி நிற்பது, எப்போது குனிவது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊர் புதிது, பாஷை புதிது, பள்ளிவாசல் மட்டும் பழகிய இடம்.

சென்ற வாரம் மீஞ்சூருக்கு ‘வடகாஞ்சி’ என்ற பெயர் வாங்கித் தந்த ஏகாம்பரநாதரையும் வரதராஜப் பெருமாளையும் பார்த்தோம். இந்த வாரம் இதே கரையில் வடக்கே போக வேண்டும். புறநகர் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்தில் வடகிழக்காக ஏரிக்கரை வரைக்கும். சாலை முடியும் இடத்தில் பழவேற்காடு. இன்று மீன், இறால், நண்டு, படகுச் சவாரி, குளிர்காலத்துப் பூநாரை என்று அறியப்படும் இந்த ஊர், ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் முதல் வரிசைத் துறைமுகம். சென்னை என்ற நகரம் உருவாவதற்கு முன்பே இங்கே கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. அந்தக் கப்பல் காலத்தின் சாட்சிகளாக ஊரில் இன்று மிச்சமிருப்பவை எவை? டச்சுக்காரர்களின் கோட்டை மண்மேடாகிவிட்டது. அவர்களுடைய கல்லறைகள் தொல்லியல் துறையின் வேலிக்குள் இருக்கின்றன. பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்று ஊரார் அழைக்கும் இரண்டு பள்ளிவாசல்களில் மட்டும் நாள்தோறும் ஐந்து வேளையும் பாங்கு ஒலிக்கிறது. பழவேற்காட்டில் வரலாறு இன்னும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கும் இடங்களில் இவை முக்கியமானவை.

பழவேற்காட்டு முஸ்லிம்களிடையே தலைமுறைகளாகச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் அரபு நாட்டில் புதிய கலீபாவுக்குத் திறை கட்ட மறுத்த சில குடும்பங்கள் நாடு கடத்தப்பட்டன. அவர்கள் நான்கு படகுகளில் ஏறி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அந்தக் கதை. இதற்கு அரபு மொழியில் எழுதிய பழைய ஏடுகள் தங்களிடம் இருப்பதாகச் சில குடும்பங்கள் சொல்லி வருகின்றன. படகுகள் மூன்றா நான்கா என்று வாதாடுவதைவிட, கதை எதை முன்வைக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. இது வாளோடு வந்தவர்களின் கதை அல்ல. ஊர் இழந்து, பிழைக்க வழி தேடி, அலைக்கு அந்தப் பக்கம் கரை கண்டவர்களின் கதை. கீழக்கரை, காயல்பட்டினம், பரங்கிப்பேட்டை, நாகூர் என்று கிழக்குக் கரையின் எந்த முஸ்லிம் ஊரைக் கேட்டாலும் கதையின் தொடக்கத்தில் ஒரு பாய்மரம் வந்துவிடும். வணிகம் செய்ய வந்தார்கள், பருவக்காற்று திரும்பும் வரை தங்கினார்கள், பெண் எடுத்தார்கள், பேச்சு தமிழாயிற்று.

காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் தங்க வேண்டும் என்றால் முதலில் தேவைப்படுவது தொழ ஓர் இடம், இறந்தால் அடக்கம் செய்ய ஒரு துண்டு நிலம். துறைமுகங்களில் பள்ளிவாசலும் மையவாடியும் ஒன்றாகவே தோன்றுவது இதனால்தான்.

1510களில் இந்தியக் கடற்கரைகளைப் பற்றி விரிவாக எழுதிய போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா, பழவேற்காட்டைச் செல்வம் கொழிக்கும் துறைமுகமாக விவரிக்கிறார். முஸ்லிம் வணிகர்களும் இந்து வணிகர்களும் இங்கே திரளாக இருந்தார்கள். பெகு நாட்டு மாணிக்கக் கற்கள் இங்கே கைமாறின. அச்சிட்ட பருத்தித் துணிகள் இங்கிருந்து மலாக்காவுக்கும் சுமத்ராவுக்கும் போயின. அப்போது இது விஜயநகரப் பேரரசின் துறைமுகம். திருமாலை வணங்கும் மன்னனின் ஆட்சியில், மாணிக்கம் விற்கும் சோனகர், அதாவது முஸ்லிம் வணிகர், தம் பள்ளியில் தொழுதார்கள். யாரும் இதை அதிசயமாக எழுதி வைக்கவில்லை. அன்றாட நடைமுறையாக இருந்ததால் எழுதும் தேவை வரவில்லை.

அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1606-ல் குடிதண்ணீர் தேடி வந்த ஒரு டச்சுக் கப்பல் முகத்துவாரத்துக்கு வடக்கே கரிமணல் கிராமத்தருகே நின்றது என்றும், அதிலிருந்தவர்களுக்கு உணவும் தண்ணீரும் கொடுத்து உதவியவர்கள் அங்கிருந்த முஸ்லிம்கள் என்றும் ஊர் வரலாற்றில் சொல்வார்கள். 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு பழவேற்காட்டில் டச்சுப் பண்டகசாலை எழுந்தது. அதை 1612-ல் போர்த்துகீசியர் தாக்கி அழித்தார்கள். மறு வருஷமே ஜெல்ட்ரியா கோட்டை கட்டப்பட்டது. கட்டி முடித்த வெம்மர் வான் பெர்கெம் தம் சொந்த மாகாணமான ஜெல்டர்லாந்தின் பெயரையே அதற்கு வைத்தார். 1690 வரை டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம் இதுதான். வெடிமருந்து ஆலை இங்கே ஓடியது. பஞ்ச காலத்தில் விலை போன ஏழை மக்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றி அனுப்பிய கொடுமையும் இங்கேதான் நடந்தது. அந்தக் கதையை விரிவாக எழுத வேண்டும். இப்போது பள்ளிவாசலை விட்டு விலகாமல் இருப்போம்.

பழவேற்காட்டுத் துணி தென்கிழக்காசியத்தில் எவ்வளவு ஊன்றியது என்பதற்கு ஒரே ஓர் அடையாளம் போதும். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் இன்றும் பள்ளிவாசலுக்குக் கட்டிக்கொண்டு போகும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிகாட்’ என்று பெயர். பழவேற்காட்டின் பெயரைத்தான் அந்தத் துணி இன்னும் சுமக்கிறது. பினாங்கில் 1801-ல் காதர் முகைதீன் மரைக்காயர் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளியிலும், சிங்கப்பூரில் 1826-ல் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளியிலும் தொழ நின்றவர்களின் இடுப்பில் இந்தக் கரையின் தறி இருந்தது. துணி போன வழியில் பள்ளியும் போனது.

இனி, பள்ளிவாசல் என்ற கட்டடத்துக்கு வருவோம். அதற்கு எது கட்டாயம், எது கட்டாயமில்லை என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால்தான் நம் கரையின் பள்ளிகள் எவ்வளவு அசலானவை என்று விளங்கும்.

622-ல் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த நபிகள் நாயகம் அங்கே கட்டிய பள்ளி மிக எளியது. வெயிலில் காய்ந்த மண்கல் சுவர், தூணாகப் பேரீச்ச மரத்தின் அடிமரம், கூரையாகப் பேரீச்ச ஓலையும் மண்ணும். மழை பெய்தால் ஒழுகும். குவிமாடம் இல்லை, மினாரா இல்லை. பிலால் உயரமான ஓரிடத்தில் ஏறி நின்று குரல் எழுப்பித் தொழுகைக்கு அழைத்தார். முதலில் ஜெருசலேமை நோக்கித் தொழுதவர்கள், ஓராண்டுக்கு மேல் கடந்தபின் மக்காவின் கஅபாவை நோக்கித் திரும்பினார்கள். தொழுகைத் திசையைக் காட்டும் சுவர்மாடமான மிஹ்ராபுகூட, இன்று நாம் காணும் குழிவான வடிவத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மதீனாப் பள்ளியைப் புதுப்பித்தபோதுதான் அங்கே இடம்பெற்றது. குவிமாடமும் மினாராவும் சிரியா, எகிப்து, பாரசீகம், துருக்கி என்று அந்தந்த நாட்டுக் கட்டடக் கலையிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தவை. பள்ளிக்கு வேண்டியது சுத்தமான தரை, ஒரு திசை, கை கால் கழுவத் தண்ணீர். மற்றதெல்லாம் அந்தந்த ஊர்க் கொத்தனாரின் கைவண்ணம்.

சோழமண்டலக் கரையின் கொத்தனாருக்கும் கல்தச்சருக்கும் தெரிந்த வேலை எது? மண்டபம். பழைய கீழக்கரை, காயல்பட்டினம் பள்ளிகளுக்குள் நுழைகிறவர் முதலில் பார்ப்பது தட்டையான கல் கூரையைத் தாங்கி வரிசையாக நிற்கும் கருங்கல் தூண்களை. தூணின் அடி சதுரம், மேலே போகப் போக எட்டுப்பட்டை, மறுபடியும் சதுரம், உச்சியில் போதிகை, போதிகையின் நுனியில் தலைகீழாகத் தொங்கும் பூமொட்டு. கோயில் மண்டபத்தில் அந்தச் சதுரப் பகுதியில் ஓர் அனுமனோ நடனமாதோ வந்து நிற்பது உண்டு. பள்ளியில் அதே சதுரத்தில் விரிந்த தாமரை இருக்கும், பின்னிய கொடி இருக்கும், வட்டத்துக்குள் வட்டமாகக் கணக்கு வைத்துச் செதுக்கிய கோலம் இருக்கும். உருவம் கூடாது என்பது மார்க்கத்தின் வரம்பு. அந்த வரம்புக்குள் தன் உளி எவ்வளவு தூரம் போகும் என்று கல்தச்சர் காட்டியிருக்கிறார். உளி பிடித்த கை ஒன்றுதான். திங்கட்கிழமை கோயில் திருப்பணியும் வியாழக்கிழமை பள்ளி வேலையும் பார்த்த கைகள் அவை என்று சொன்னால் மிகையாகாது.

கீழக்கரையின் ஜும்மா பள்ளி இதற்கு நல்ல உதாரணம். பதினேழாம் நூற்றாண்டில் அதைக் கட்டியவர் வள்ளல் சீதக்காதி என்று தமிழ்நாடே அறிந்த ஷேக் அப்துல் காதிர் மரைக்காயர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருக்கு ஆதரவு தந்தவரும் அவரே. நபிகளின் வரலாற்றைத் தமிழ்க் காப்பிய மரபில், நாட்டுப்படலம் நகரப்படலம் வைத்துப் பாட முடியும் என்று நம்பிய மனசும், பள்ளியைத் தமிழ்த் தூண்களில் நிறுத்த முடியும் என்று நம்பிய மனசும் ஒன்றுதான்.

இதில் அரசர்களுக்கும் பங்கு உண்டு. ராமநாதபுரம் அருகே திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த பிழார்ப் பள்ளி என்ற சோனகர் பள்ளிக்கு நிலம் விட்ட செய்தியை அது பதிவு செய்கிறது. பள்ளிவாசலுக்குக் கொடுத்த தானம் விஷ்ணு கோயில் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது. ஊரின் ஆவணக் காப்பகம் கோயில் சுவர்தான் என்பதால் அங்கே பொறித்தார்கள். மதுரை கோரிப்பாளையத்தில் இன்னொரு கல்வெட்டு. பாண்டியர் காலத்தில் 14,000 பொன்னுக்கு ஆறு கிராமங்கள் தர்காவுக்கு விடப்பட்டன என்பதில் பின்னாளில் வழக்கு எழுந்தபோது, 1573-ல் வீரப்ப நாயக்கர் பழைய உரிமையே செல்லும் என்று தீர்ப்பளித்ததை அது சொல்கிறது. திருச்சி கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் கல்லுப்பள்ளியோ இன்னும் பழையது. ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்ற ஆண்டு அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. நான்கு தூண், ஒரு கல் கூரை. ஒரு சின்ன மண்டபம், அவ்வளவுதான்.

சென்னைக்குள்ளும் இதே நூல் ஓடுகிறது. ஜார்ஜ் டவுன் மூர் தெருவில் பதினேழாம் நூற்றாண்டில் ஒரு பள்ளிவாசலைக் கட்டிக் கொடுத்தவர் காசி வீரண்ணா. 1680-ல் காலமான இவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகர், தெலுங்கு பேசிய இந்து. திருவல்லிக்கேணியில் 1795-ல் ஆற்காடு நவாப் வாலாஜா முகம்மது அலி குடும்பம் எழுப்பிய பெரிய பள்ளி மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லில் கட்டப்பட்டது. அதன் மிஹ்ராபுக்கு மேலே பொறித்துள்ள காலக்குறிப்பை இயற்றியவர் நவாபின் அவையில் இருந்த ராஜா மக்கன் லால் என்ற இந்துப் பாரசீகப் புலவர். எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும்படி அமைத்திருக்கிறார். அதே பள்ளியில் ரமலான் மாதம் நோன்பு திறக்க வருகிறவர்களுக்கு மயிலாப்பூரிலிருந்து சிந்தி இந்துக்களான சூஃபிதார் அமைப்பினர் பல பத்தாண்டுகளாகச் சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள்.

பழவேற்காட்டுக்குத் திரும்புவோம். இங்கே பள்ளிவாசலில் பார்த்தே ஆக வேண்டிய பொருள் ஒன்று உண்டு. சூரியக் கடிகாரம்.

ஐந்து வேளைத் தொழுகையும் சூரியனை வைத்துத்தான். கிழக்கு வெளுக்கும்போது சுப்ஹு, சூரியன் உச்சியைத் தாண்டிச் சாய்ந்ததும் லுஹர், நிழல் நீண்டதும் அஸர், மறைந்ததும் மஃரிப், செவ்வானம் அடங்கியபின் இஷா. இதில் விடியலும் அந்தியும் கண்ணுக்குத் தெரியும். சிக்கல் நண்பகலிலும் பிற்பகலிலும்தான். சூரியன் உச்சியில் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்பதை வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. நிழல் சொல்லும். மேடையில் பதித்த தட்டின் நடுவே நிற்கும் முள்ளின் நிழல் காலையிலிருந்து குறுகிக்கொண்டே வரும்; மிகக் குறுகிய கட்டத்தைத் தொட்டு, ஓர் இழை நீளத் தொடங்கும் நொடியில் லுஹர் நேரம் பிறக்கிறது. மோதினார் அதைப் பார்த்துவிட்டுப் போய் பாங்கு சொல்லலாம். அஸருக்கும் அதே முள். நண்பகலில் இருந்த நிழலோடு முள்ளின் உயரத்தைக் கூட்டிய அளவுக்கு நிழல் நீண்டால் ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபின்படி அஸர் தொடங்கிவிட்டது. ஹனஃபிகள் உயரத்தை இரண்டு மடங்காகக் கணக்கிடுவார்கள்.

பழவேற்காடு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதின்மூன்றரை டிகிரிக்குச் சற்றே குறைவான தூரத்தில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று நண்பகலில் முள்ளுக்கு நிழலே இருக்காது. ஏப்ரலில் அப்படிப்பட்ட நாளில் ஷாஃபி அஸர் நம் கைக்கடிகாரப்படி பிற்பகல் மூன்றேகாலை ஒட்டித் தொடங்கும். இன்னொன்றையும் கவனிக்கலாம். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. பழவேற்காடு அதற்கு இரண்டு டிகிரிக்கு மேல் மேற்கே இருக்கிறது. எனவே இங்கே உச்சி சராசரியாகப் பன்னிரண்டு மணி ஒன்பது நிமிஷத்துக்குத்தான் வருகிறது. பிப்ரவரியில் அது 12.23 வரை தள்ளிப் போகும். நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கே வந்துவிடும். சுவர்க் கடிகாரத்தின் பன்னிரண்டு வேறு, வானத்தின் பன்னிரண்டு வேறு. 1906-ல் இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் வருவதற்கு முன் இந்தப் பக்கத்து ரயில்கள் ஓடியது நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் மெட்ராஸ் நேரத்தில். பழவேற்காடும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், அந்த நேரத்துக்கும் இந்த முள்ளின் நிழலுக்கும் இடையே நிரந்தர வித்தியாசம் என்று சொல்ல எதுவுமே இல்லை.

திசைக் கணக்கும் இதே போல நுட்பமானது. பழவேற்காட்டிலிருந்து கஅபா இருக்கும் திசை நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 17 டிகிரி சாய்வு. திசைகாட்டியும் நட்சத்திரமும் அறிந்த மாலுமிகள் தொழுத கரை இது.

பள்ளிவாசலைத் தொழும் இடம் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். அதன் முற்றத்தில் ஊரின் கணக்கு வழக்கு நடக்கிறது. நிக்காஹ் நடந்தால் ஜமாஅத்தின் பதிவேட்டில் எழுத வேண்டும்; மஹர் எவ்வளவு, சாட்சி யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அண்ணன் தம்பி சொத்துத் தகராறா, கடன் பாக்கியா, முதலில் பள்ளி நிர்வாகியான முத்தவல்லியிடம்தான் போவார்கள். யாராவது மவுத்தாகிவிட்டால், அதாவது இறந்துவிட்டால், உடலைச் சுமக்கும் சந்தூக்கு பள்ளியிலிருந்து வரும், ஜனாஸா தொழுகை பள்ளியில் நடக்கும், மையவாடியின் பொறுப்பும் பள்ளியுடையதே. பிள்ளைகள் விடியற்காலையில் ஓத வருவார்கள். ஒரு காலத்தில் அங்கே அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழும் கற்றுத் தரப்பட்டது; ஆண்கள் கப்பலேறிப் போன ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தபடி மார்க்க நூல்களைப் படித்தது அந்த எழுத்தில்தான். காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே தனித் தொழுகைக் கூடங்களான தைக்காக்கள் உண்டு. பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்களின் கைவேலை பனையோலையில் தெரியும்: நிறம் தோய்த்த ஓலையில் அவர்கள் முடையும் பெட்டிகளும் கூடைகளும் சென்னைக் கடைகள் வரை போகின்றன.

ரமலானில் முற்றத்தின் மணமே வேறு. பிற்பகலில் பெரிய தேக்சாவில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, கொத்துக்கறி, தேங்காய்ப்பால் எல்லாம் சேர்ந்து குழையும். அஸர் முடிந்ததும் தெருப் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. வாளியை நீட்டினால் கஞ்சி. அரசாங்கம் ஆண்டுதோறும் இந்தக் கஞ்சிக்கென்றே பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி கிழக்குக் கரையைப் புரட்டிப் போட்டபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத் மீனவக் குப்பங்களின் மக்களை ஊருக்குள் அழைத்துத் தங்கவைத்துச் சோறு போட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பள்ளிவாசல்கள் வீடிழந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன. தொழுகைக்கு விரித்த பாயில் கைக்குழந்தைகள் தூங்கின. மதீனாவின் அந்த ஓலைக்கூரைப் பள்ளியிலும் ஒரு பக்கத் திண்ணையில் வீடற்ற தோழர்கள் தங்கியிருந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

இவ்வளவும் எழுதும்போது மனதை உறுத்தும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் பழைய கல் பள்ளிகள் பல இடிந்து போயின; இடித்தவர்கள் வெளியாட்கள் அல்லர். தொழுவோர் எண்ணிக்கை பெருகியது, இடம் போதவில்லை, வளைகுடாவில் உழைத்த பிள்ளைகள் ஆசையோடு பணம் அனுப்பினார்கள், பழைய மண்டபம் தரைமட்டமானது. அதன் இடத்தில் கான்கிரீட் தளம், பச்சைக் குவிமாடம், வானளாவிய மினாரா. இடிக்காத இடங்களில் தூண்களுக்கு எண்ணெய் பெயின்ட் பூசி, தாமரையும் கொடியும் மறைந்துவிட்டன. அல்லது இடுப்பு உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டப்பட்டுவிட்டது. இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை, அதில் மறுப்பே இல்லை. வெயிலில் ரோட்டில் பாய் விரித்துத் தொழுகிறவர்களைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் குவிமாடம் இருந்தால்தான் பள்ளி என்ற எண்ணம் நம் கரைக்கு அந்நியமானது. தட்டைக் கூரையும் பூமொட்டுப் போதிகையும் கொண்ட மண்டபம், குறை வைத்த பள்ளி அல்ல. அது பல நூற்றாண்டுகளாகத் தமிழ் முஸ்லிம்களின் சொந்தப் பாணி. இஸ்தான்புல்லுக்கு அதன் மாடம் எப்படியோ அப்படி.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பழைய மண்டபத்தை உள்பள்ளியாக வைத்துக்கொண்டு கிழக்கிலும் பக்கவாட்டிலும் புதிய கூடங்களை விரிக்கலாம். தொழுகைத் திசையில் நிற்கும் கிப்லாச் சுவரும் மிஹ்ராபும் மேற்கே அப்படியே நிற்கும், வரிசைகள் பின்னால் நீளும். பழவேற்காடு போன்ற உப்புக்காற்று ஊர்களில் பழைய செங்கல் சுவருக்கு மேல் சிமென்ட் பூசினால் உள்ளே இறங்கிய ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றிச் சுவரையே தின்னும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். இந்த ஏரியே அந்தச் சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் கொடுத்த ஏரிதான். கல் தூணின் பெயின்ட்டை, உளி வைத்துக் கொத்தாமல், தெரிந்த ஆட்களைக் கொண்டு பொறுமையாக நீக்க முடியும். எதுவும் முடியாத இடத்தில், ஒரு கல்லைத் தொடுவதற்கு முன் மண்டபத்தை அளந்து வரைந்து, ஒவ்வொரு தூணையும் படமெடுத்து, கல்வெட்டு இருந்தால் மைப்படி எடுத்து ஜமாஅத்தின் பீரோவில் வைக்கலாம். பக்கத்திலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்களைக் கூப்பிட்டால் இதைச் செய்துவிட்டுப் போவார்கள்.

மீஞ்சூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் இடையே இன்று எழுபவற்றில் பெரும்பாலானவை சாம்பல் மேடு, நிலக்கரிக் களம், கன்டெய்னர் முனையம். இவற்றுக்கு வேலைக்கு வரும் புதியவர்கள் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை பழவேற்காடு வரை போய், தொழுதுவிட்டு, அந்த முள்ளின் நிழல் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்தால் நன்றாயிருக்கும். பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் மகிமை மாதா ஆலயமும் இருக்கின்றன. பெருமாள் கோயிலின் செம்புரைக்கல் சுவரையும், மேற்கூரையில் சாண் உயரத்துக்கும் குறைவாகச் செதுக்கிய ராமாயணக் காட்சிகளையும் பார்த்துவிட்டுக் கோட்டை மேட்டுக்குப் போகலாம்.

அதற்கு எதிரே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். எலும்புக்கூடுகள் காவல் நிற்கும் அதன் வாசலில் அடுத்த வாரம் நுழைவோம்.

(தொடரும்)